விற்றது தப்பில்லை, பேரை அழித்ததுதான் தப்பு

எங்கள் வீட்டிலிருந்து முன்பு விற்ற அப்பத்தாவின் பித்தளைத் தாம்பாளம், அடியில் வெட்டியிருந்த பேர் அழிக்கப்பட்டு, ஒரு ஏல கேட்லாக்கில் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். அந்த ஏலப் படத்தைப் பற்றி இனி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அந்தப் பதிவின் கீழே நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஆனால் நேற்று ராத்திரி ஒருவர் வந்து, "ஒரு பித்தளைத் தட்டுக்கு இவ்வளவு ஒப்பாரியா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு நூற்றுச் சொச்சம் பேர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். அதில் நாலு பேர் எங்கள் ஊர்க்காரர்கள். அதனால் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்லாததை நான் சொன்னதாக வைத்துக்கொண்டு பாதிப் பேர் சண்டை போட்டார்கள். விற்கக் கூடாது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. விற்றது தப்பில்லை. வாங்கியது தப்பில்லை. ஏலத்துக்குக் கொண்டுவந்ததும் தப்பில்லை. தாம்பாளத்தின் அடியில் வெட்டியிருந்த பேரை அழித்தார்களே, அதுதான் தப்பு. இது ஒன்றைத்தான் சொன்னேன். இன்றைக்கும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தக் கேட்லாக்கை நீங்களே திறந்து பாருங்கள். பொஹீமியக் கண்ணாடிக் குடுவைகள், நீலக் கண்ணாடித் தொங்குவிளக்கு ஒரு ஜோடி, ஸ்வீடனிலிருந்து வந்த கோக்கம்ஸ் கம்பெனி மங்குச் சட்டிகள் (எனாமல் பூசியவை), பர்மா அரக்குப் பெட்டி, கடைசிப் பக்கங்களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த சிற்பி ஒருவருடைய செம்புச் சிற்பம். அந்தச் சிற்பத்துக்கு ஒரு முழுப் பக்கம். எந்த ஆண்டு செய்தார், எந்தக் கண்காட்சியில் வைத்தார், அதற்குப் பிறகு யார் கைக்கு வந்தது, அங்கிருந்து யார் கைக்குப் போனது, எல்லாம் இருக்கிறது. படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படித்தான் எழுத வேண்டும். சிற்பத்தின் அடியில் சிற்பியின் கையெழுத்து இருக்கிறது என்று தனிப் படமே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நான்கு பக்கம் முன்னால் போங்கள். எங்கள் தாம்பாளம். "செட்டிநாடு, 19ஆம் நூற்றாண்டு. தனியார் சேகரிப்பு, தென்னிந்தியா." அவ்வளவுதான்.

அதற்கும் அடிப்பாகத்தைப் படம் எடுத்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பாருங்கள். தட்டு முழுக்கப் பழுப்பேறி இருக்கும். நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் பளபளவென்று இருக்கும். பாலிஷ் பட்டறைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்த இடம். அந்தப் பளபளப்பின் இடது ஓரத்தில், சக்கரம் தொடாமல் விட்ட இடத்தில், ஏழெட்டுப் புள்ளிகள் சுழித்துக்கொண்டு நிற்கும். அது ஒரு கொம்பு. மெய்யம்மை என்று எழுதும்போது முன்னால் போடுவோமே, அந்தக் கொம்பு. எங்கள் அப்பத்தா பேர் மெய்யம்மை.

இப்போது இருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பேர் வெட்டுவது மெஷின் வேலை இல்லை. சிற்றுளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்தை இறக்குவார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானில் பிறந்த வீட்டு விலாசம் (குடும்பத் தலைப்பெழுத்துகள்) இருக்கும், பெண் பேர் இருக்கும், சிலதில் வருஷமும் இருக்கும். கல்யாணத்தன்று சாமான் பரப்பி வைத்தால் எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கவிழ்த்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். இந்தத் தாம்பாளத்தில் 1938 என்று இருந்தது. அறுபது வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் போகாத எழுத்து அது. சக்கரத்தில் பிடித்தால் ரெண்டு நிமிஷம்.

"அது உங்கள் தட்டுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில், விளிம்பில் இருக்கிற நசுங்கல். எனக்கு ஒன்பது வயது இருக்கும். முகப்புத் திண்ணையிலிருந்து அந்தத் தாம்பாளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குதித்தேன். தட்டு படிக்கல்லில் போய் விழுந்தது. கன்னானைக் கூப்பிட்டுத் தட்டி நிமிர்த்தினார்கள், முழுசாக நிமிரவில்லை. அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அடிக்கக் கை ஓங்கினார். அப்பத்தா நடுவில் வந்து, "தாம்பாளந்தானே நசுங்கிச்சு, பிள்ளை மண்டை நசுங்கலையே" என்றார்கள். அந்த நசுங்கல் நாற்பது வருஷம் கழித்து கேட்லாக்கில் எனக்கு முன்னால் நிற்கிறது. பொருளின் நிலை என்ற இடத்தில் எழுதியே இருக்கிறார்கள்: "விளிம்பில் சிறு சேதம், பழைய பழுது."

நான் போட்ட நசுங்கலைக் கவனமாகக் குறித்து வைத்தவர்களுக்கு, அப்பத்தா பேர் மட்டும் வேண்டாததாகப் போய்விட்டது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை ஒப்பாரி என்றால் ஒப்பாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் அழித்தார்கள்? "அடுத்தவங்க பேரு இருந்தா வாங்குறவங்களுக்குப் பிடிக்காது சார், க்ளீனா கேப்பாங்க" என்று பழம்பொருள் வியாபாரம் தெரிந்த ஒருவர் எழுதினார். அப்படி வாங்குகிறவர்கள் இருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். 1938 என்று வெட்டியிருக்கிற தட்டை 19ஆம் நூற்றாண்டு என்று எழுத முடியுமா? பேரோடு சேர்த்து வருஷமும் போனால்தான் தட்டுக்கு ஐம்பது வயது கூடும். வயது கூடினால் விலையும் கூடும். யார் தேய்த்தது, எந்தக் கையில் இருக்கும்போது தேய்த்தது என்று எனக்குத் தெரியாது. ஏலம் விடுகிறவர்களையே நேராகக் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் பளபளப்பு அவர்கள் எடுத்த படத்திலேயே தெரிகிறதே. ஏன் இப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டாமா?

"எல்லாம் சட்டப்படிதான் நடக்குது" என்று ஒரு பதில். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் ஆன பொருள்தான் தொல்பொருள். கையெழுத்துப் பிரதிகளுக்கு 75. தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. எங்கள் தட்டுக்கு இன்னும் 100 ஆகவில்லை. ஆக, உண்மையை எழுதினால் சட்டம் இதைக் கண்டுகொள்ளவே போவதில்லை. 19ஆம் நூற்றாண்டு என்று எழுதி நீங்களே அதைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறீர்கள். இதற்கு அந்தச் சட்டப்படி நண்பர் பதில் சொல்லவில்லை.

அடுத்தது, என்னை அதிகம் புண்படுத்தியது. "இதென்ன நடராஜர் சிலையா?" இல்லை. நடராஜர் இல்லை. ஆனால் நடராஜரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. திருட்டுச் சிலை என்று தெரிந்து 2014இல் திருப்பிக் கொடுத்தது. அதை விற்றவர்கள் என்ன செய்தார்கள்? டெல்லியில் வேலை பார்த்த சூடான் நாட்டுக்காரர் ஒருவர் வாங்கி வைத்திருந்தது என்று ஒரு பொய் வரலாற்றையே ஜோடித்தார்கள். திருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று ஒரு காகிதம் இல்லாமல் பொருள் விலை போகாது என்று. பொய்யாகவாவது எழுதினான்.

இன்னொன்று. கும்பகோணம் பக்கம் சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் திருமங்கையாழ்வார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. ஏலத்தில் முறைப்படி வாங்கியதுதான், ஒளித்து மறைத்து ஒன்றுமில்லை. ஆனால் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள் 1957இல் அந்தக் கோயிலில் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தது. அந்த ஒரு படத்தை வைத்துத்தான் இது அந்தச் சிலை என்று அடையாளம் காட்ட முடிந்தது. 2024இல் பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு புகைப்படம். ஆழ்வாருக்குப் புகைப்படம் இருந்தது. எங்கள் வீட்டுச் சாமானை யார் படம் எடுத்து வைத்தார்கள்? அதற்கு இருந்த ஒரே சாட்சி அடியில் வெட்டிய பேர்தான்.

இதில் வியாபாரத்துக்கும் நஷ்டம் என்பதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. 2025 ஜூனில் தாகூர் செதுக்கிய ஒரு கல் ஏலத்துக்கு வந்தது. 1883இல், 22 வயதில், கார்வார் கடற்கரையில் இருந்தபோது இதய வடிவத்தில் செதுக்கிய சின்னக் கல். ஒரு கோடிக்கு மேல் போயிற்று. யார் செதுக்கியது, எங்கே, யாருக்குக் கொடுத்தது என்கிற விவரம் கூடவே வந்ததால்தானே அந்த விலை? அந்த விவரத்தை உரித்துவிட்டால் அது கைக்கடக்கமான ஒரு கல். எங்கள் அப்பத்தாவும் தாகூரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இதற்கும் ஒருவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

இனி முக்கியமான ஆட்சேபணை. "வித்தது உங்க ஆளுங்கதானே?" ஆமாம். எங்கள் ஆட்கள்தான். 1996இல், வளவு (வீட்டின் உள்முற்றம்) அறைகளைத் திறந்து பங்கு வைத்தபோது விற்றது. ஏன் விற்றோம் என்று கேட்காமலே திட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். 1930இல் நெல் விலை விழுந்தது. பர்மாவில் எங்கள் ஆட்களிடம் கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கொடுக்க முடியாமல் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நாலில் ஒரு பங்கு நிலம். காசாக இருந்தது மண்ணாகப் போயிற்று. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. 1962இல் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு மிச்சமும் போயிற்று. எங்கள் ஐயா, அப்பத்தாவின் வீட்டுக்காரர், கடைசிவரை ரங்கூன் பத்திரங்களைப் பூட்டி வைத்திருந்தார். இங்கே எட்டுப் புள்ளி (பங்காளிக் குடும்பங்கள்) சேர்ந்து ஓட்டைப் பார்க்க வேண்டிய வீடு. ஒரு மழைக்கு ஒரு பத்தி (தாழ்வாரம்) ஒழுகும். எல்லாரும் சென்னையிலும் கோயமுத்தூரிலும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, முப்பது அண்டாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? விற்காமல் விட்டிருந்தால் மரச்சாமானைக் கரையான் தின்றிருக்கும், பித்தளையைத் திருடன் எடைக்குப் போட்டிருப்பான். பழம்பொருள் கடைக்காரர்கள் வாங்கியதால்தான் பாதியாவது உருக்கப்படாமல் தப்பித்தது. இதையும் நானே சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். எந்தச் சாமானைத் தொட்டாலும் எந்த ஊர், எந்தத் தெரு வீடு என்று சொல்லுவார். வாங்குகிறவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவார். அவரும் வியாபாரிதான்.

"குடும்பம் நொடிச்சுப்போச்சுன்னு வெளியே தெரியக்கூடாதுன்னு விக்கிறவங்களே பேரை மறைக்கச் சொல்றாங்க" என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தது. உண்மைதான், அந்தக் கூச்சம் எனக்கும் தெரியும். 1996இல் நாங்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வண்டியில் ஏற்றச் சொன்னோம். விற்றவர் பேரை மறையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஊரை எழுதுங்கள், வருஷத்தை எழுதுங்கள், பாத்திரத்தில் இருக்கிற எழுத்தை அப்படியே விடுங்கள். செத்துப்போன ஒரு பொம்பளை பேர் தாம்பாளத்தின் அடியில் இருப்பதில் உயிரோடு இருக்கிறவனுக்கு என்ன மானக்கேடு?

அந்தப் பொம்பளைக்கு வேறு எங்கே பேர் இருக்கிறது? வீட்டு முகப்பில் ஐயா பேர். பத்திரத்தில் ஐயா பேர். கோயில் திருப்பணிக் கல்லில் ஐயா விலாசம். பதினாலு வயதில் அந்த வளவுக்குள் வந்து, எழுபது வருஷம் அங்கேயே இருந்து செத்துப்போனவருக்குத் தன் பேர் எழுதி இருந்தது அவர் கொண்டுவந்த சாமான்களில் மட்டும்தான். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். தாம்பாளத்தைக் கவிழ்த்துவைத்து, புள்ளிகளின் மேல் என் விரலைப் பிடித்து ஓட்டி, "இது மெ, இது ய், இது யம்" என்று சொல்லித் தந்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நான் படித்த முதல் எழுத்து அது.

1996இல் அந்தத் தாம்பாளம் எங்கள் பங்கில்தான் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது தங்கையின் கல்யாணச் செலவு இருந்தது. ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, கேமரா பையில் இருந்தும். இதை ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் எழுதவில்லை. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. வண்டி போன பிறகு, "தாம்பாளமும் போயிருச்சா?" என்று மட்டும் கேட்டார்கள்.

நேற்று அண்ணன் வீட்டு இரும்புப் பெட்டியில் 1938 கல்யாணத்துச் சாமான் சிட்டை (பட்டியல்) கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில், குத்துவிளக்குக்கும் பன்னீர்ச் செம்புக்கும் நடுவில், "பித்தளைத் தாம்பாளம் பெரியது 1, பேர் வெட்டியது" என்று இருக்கிறது.

ஏலம் வருகிற சனிக்கிழமை சாயந்திரம். நானும் பதிந்திருக்கிறேன். ஆரம்ப விலையே என் கைக்கு மீறித்தான் இருக்கிறது, மேலே கமிஷனும் வரியும் உண்டு. என்னால் முடிந்தவரை கேட்பேன். என்னைத் தாண்டி எடுக்கிறவர் இதைப் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். சிட்டையின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, அப்பத்தா படம் ஒன்றோடு அனுப்பிவைக்கிறேன். காசு வேண்டாம். தாம்பாளத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொம்பை மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.