10 சதவீதம் வாடகை வருகிறது என்றால் போதுமா?

"ஆண்டு வாடகை விலையில் 10 சதவீதம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஏரியாவில் வாங்கலாம்" என்று வாடகைக்கு விட வீடு வாங்குபவர்களுக்குச் சிலர் சொல்வது தவறு. அது செலவு கழிக்காத கணக்கு.

விலை 100, வாடகை 10 என்று வையுங்கள். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 0.8 போச்சு. பழுதுக்கு 1, வரியும் காப்பீடும் 1, பார்த்துக்கொள்பவருக்கு 0.7 என்றால் மிச்சம் 6.5. வாங்கும்போதே பதிவு, தரகு என்று 7 செலவாகியிருந்தால் முதலீடு 107; கையில் நிற்பது 6 சதவீதம்தான். முழுத் தொகையும் கடனாக இருந்து, வட்டி விகிதம் அதற்கு மேலே இருந்தால் மாதாமாதம் கைக்காசு போகும்.

விலையோடு ஒப்பிட வாடகை அதிகமாகத் தெரியும் ஏரியாவில் விலை ஏன் குறைவு என்று முதலில் கேளுங்கள். சில இடங்களில் ஒரே ஆலையை நம்பித்தான் குடித்தனம் இருக்கும். அது மூடினால் தெருவே காலி. வாடகை விளம்பரங்கள் எத்தனை வாரம் அப்படியே கிடக்கின்றன என்று பாருங்கள்.

புதுப் பெயின்ட்டையும் நம்பாதீர்கள். சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள், விரலால் தேய்த்தால் வெள்ளை உப்புப் பொடி ஒட்டுகிறதா? ஈரம் அடித்தளத்திலிருந்து ஏறிக்கொண்டிருக்கலாம். ஈரம் வரும் வழியை அடைக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் மறுபடி உரியும். அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துவிடுங்கள்.