ஒற்றைப் பல்லுக்கு ஒரு புதிய இனமா?

இலையின் நுனி இல்லை, அடி இல்லை, காம்பு இல்லை, விளிம்பிலும் பாதி உடைந்த ஒரே ஒரு பல்தான் மிச்சம். கல்லில் பதிந்த இப்படிப்பட்ட இலைப் புதைபடிவத் துண்டு ஒன்றை, பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசீன் காலத்து ஓக் மரத்தின் புதிய இனம் என்று அறிவிக்கும் கட்டுரையை என் கருத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்தக் கல்லில் தெரிவது என்ன? ஒரு நடு நரம்பு, அதன் ஒரு புறத்தில் இணையாக ஓடும் நான்கு பக்க நரம்புகள், அவற்றுள் ஒன்று மட்டும் அந்த உடைந்த பல்லில் போய் முடிகிறது. பக்க நரம்பு பல்லில் முடிகிறது, ஆகவே ஓக் என்று எழுதிவிட்டார்கள். ஓக்கின் உறவு மரமான செஸ்ட்நட்டின் இலையிலும் அப்படித்தானே முடிகிறது! கிழக்காசியாவின் ஓக் இனமான குவெர்கஸ் அக்யூட்டிசிமாவையும் செஸ்ட்நட்டையும் முழு இலையாகக் கையில் வைத்திருப்பவர்களே தடுமாறுகிறார்கள். பல்லின் முள்நுனி செஸ்ட்நட்டில் பச்சையாகவும் இந்த ஓக்கில் பச்சையமின்றி வெளுத்தும் இருப்பதைக் கண்டுதான் பிரித்தறிகிறார்கள். கல்லில் பச்சைக்கு எங்கே போவது?

ஓக் என்றே வைத்துக்கொண்டாலும், புதிய இனம் என்பதை எப்படி ஏற்பது? மத்தியதரைக் கடல் நாடுகளின் ஓக் இனமான குவெர்கஸ் ஐலெக்ஸில் தாழ்ந்த கிளைகளின் இலைகள் முட்பற்களோடும் உயர்ந்த கிளைகளின் இலைகள் பல்லே இல்லாமலும் ஒரே மரத்தில் நிற்கின்றன. போதாக்குறைக்கு ஓக் இனங்கள் தமக்குள் தாராளமாகக் கலப்பவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துண்டுகளுக்கெல்லாம் சூட்டிய பெயர்களையே இன்னும் களைந்து முடியவில்லை.

பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. 1964இல் திபெத்தின் சிஷாபங்மா மலையில், சுமார் 5,700 மீட்டர் உயரத்தில் கிடைத்த ஓக் இலைகளை இன்றைய இமயமலை ஓக்கோடும் அது வளரும் உயரத்தோடும் ஒப்பிட்டுத்தான், அந்த நிலம் மயோசீனுக்கு அடுத்த காலமான பிளையோசீனுக்குப் பிறகு ஏறத்தாழ 3,000 மீட்டர் உயர்ந்தது என்று கணித்தார்கள். ஒரு மலையின் வரலாறே இலையின் பெயரை நம்பி நிற்கும்போது, அந்தப் பெயரை இவ்வளவு அலட்சியமாக வைக்கலாமா?

புறத்தோல் எஞ்சியிருந்தால் நுண்ணோக்கியில் வைத்து இலைத்துளைகளையும் மயிர்களின் அடித்தடங்களையும் பாருங்கள். அதே பாறைப் படிவில் கிண்ணத்தோடு கூடிய ஓக் கொட்டை கிடைக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், ஓக் குடும்பமாக இருக்கலாம், உறுதியில்லை என்று நேர்மையாக எழுதி நிறுத்துங்கள். இத்தனைக்கும், அனுப்பிய படத்தில் ஓர் அளவுகோல்கூட வைக்கவில்லை.