கிணறு இல்லாத நாவல்

வருடக் கடைசி வந்துவிட்டால் முகநூல் முழுக்கப் புத்தக அட்டைகள். ‘இந்த வருடம் வாசித்தவை 60’, ‘இலக்கு 75, எட்டியது 81’. பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன். நான் வருடத்தில் முடிப்பது பத்துப் பன்னிரண்டு. அதிலும் பாதி ஏற்கெனவே வாசித்தவை. போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நண்பர் தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கேட்டார்: “வாசிச்சதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறதுக்கு உமக்கு எங்காலை நேரம்?” அவருக்கு அங்கே ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். முழுப் பதில் இது. கொஞ்சம் நீளம்.

ஒரு நாவலைப் பற்றி இருபது வருடத்துக்கு மேலாகக் கதைத்து வந்திருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அந்த எழுத்தாளர் பெரியவரா சின்னவரா என்று சண்டை தொடங்கிவிடும், நான் சொல்ல வந்தது போய்விடும். 1998இல், கொழும்புக்கு வந்த புதிதில், மருதானையில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரமாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் வாங்கியது. சிங்களமும் ஆங்கிலமும் குவிந்து கிடக்க, தமிழ்ப் புத்தகம் அடியில் எங்கேயாவது நசிந்து கிடக்கும். முன்னட்டை பாதி இல்லை. அறைக்குக் கொண்டுவந்து ஒரே இரவில் வாசித்து முடித்தேன்.

அந்த நாவலில் ஓர் இடம். வாசிக்கத் தெரியாத தாய். பட்டணத்துக்குப் போன மகனிடமிருந்து கடிதம் வருகிறது, இனித் திரும்பி வரமாட்டேன் என்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை வாசித்துக் காட்டுகிறாள். தாய் ஒரு சொல்லும் சொல்லாமல் கடிதத்தை வாங்கி, மடித்து, கொல்லைக்குப் போய்க் கிணற்றுக்குள் போட்டுவிட்டு வருகிறாள். இந்தக் காட்சியை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஓர் இலக்கியக் கூட்டத்தில் இதை வைத்தே இருபது நிமிடம் பேசினேன்: ஒரு தாய் மகனைத் துறக்கும் கணம், கிணறு என்பது அவளுடைய மனத்தின் ஆழம், அது இது என்று. கைதட்டினார்கள். சபையில் அந்த நாவலை வாசித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டுப் போனது உங்களுக்கு மறந்திருக்காது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பின்போன காலம். இந்திய ரூபாய் ஒன்று முன்பு எங்கள் மூன்று ரூபாய்க்கும் குறைவாக இருந்தது; அந்த வருட நடுப்பகுதியில் நாலரையைத் தாண்டிவிட்டது. சென்னையில் அச்சான புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பின்னட்டையைப் பார்த்து, பெருக்கிப் பார்த்து, பக்குவமாகத் திரும்ப வைத்துவிட்டு வருவதுதான் புத்தகக் கடைக்குப் போவது என்று ஆகியிருந்தது. ஆகவே வீட்டில் இருப்பதை வாசித்தோம்.

மகளுக்கு அப்போது ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை. 2021இல் நடந்திருக்க வேண்டியது, 2022 மே மாதம்வரை தள்ளிப் போயிருந்தது. படிக்கச் சொன்னால் படிக்காமல், சார்ஜ் லைற்றின் கீழே என் அலுமாரியிலிருந்து இந்த நாவலை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தாள். நானும் ஏசவில்லை, பாடப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளை. மூன்றாம் நாள் வந்து கேட்டாள்.

“அப்பா, அந்தக் கிணறு எங்கை வருது?”

“கடைசியிலை. வாசியும்.”

“முடிச்சிட்டன். கிணறே இல்லை.”

அவசர அவசரமாக வாசித்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அன்று இரவு நான் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினேன், ஆறுதலாக, ஒரு வழக்கறிஞர் வாசிப்பதுபோல. கடிதம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கிறாள். தாய் வாங்கி மடிக்கிறாள். மடித்து, மிளகும் சீரகமும் போட்டு வைக்கும் மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு அடுப்பை ஊதப் போகிறாள். அவ்வளவுதான். அத்தியாயம் முடிந்துவிட்டது. நாவல் முழுவதிலும் கிணறு என்ற சொல் ஓரிடத்தில் வருகிறது, அதுவும் வேறு ஊர்க் கிணறு.

யோசித்துப் பாருங்கள். கிணற்றில் போட்டால் கடிதம் போனது போனதுதான். மிளகுப் பெட்டியில் வைத்தால், ஒவ்வொரு நாளும் சமைக்கும்போது அவள் கை அதில் பட வேண்டும். அவள் மகனைத் துறக்கவில்லை. வாசிக்கத் தெரியாத கடிதத்தைக் கறிச்சரக்கோடு சேர்த்து வைத்து, தினமும் தொட்டுக்கொண்டு இருக்கப் போகிறாள். என் இருபது நிமிடப் பேச்சு அப்படியே தலைகீழ்.

இதைவிட வெட்கம் ஒன்று. அந்தப் பக்கத்து ஓரத்தில் என் கையெழுத்தில், பென்சிலால், ‘துறவு!’ என்று இருக்கிறது. இருபது வயதில் ஆச்சரியக்குறி மலிவு. அதாவது, காலப்போக்கில் நினைவு மங்கி நான் மாறிச் சொல்லவில்லை. முதல் நாளே, கண்ணுக்கு நேரே மிளகுப் பெட்டி இருக்க, நான் கிணற்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

நல்ல வாசகர் யார் என்று எங்கள் பழைய ஆட்கள் யோசிக்காமல் இல்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்கும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவை கடை. பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாக்கியபோது எருமைக்குச் சிரித்ததோடு சரி. இப்போது எடுத்துப் பார்த்தால் என்னுடைய நண்பர் வட்டம் முழுக்க அதற்குள் நிற்கிறது. ஆடு, செடிக்குச் செடி தாவி நுனியில் ஒவ்வோர் இலை கடிக்கும்: வருடக் கணக்குக்காரர். கிளி, சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் சொல்லாது: பரீட்சைக்காக ஒரே செய்யுளைப் பத்துத் தரம் படிக்கும் பிள்ளைகள். பாவம், பிழை அவர்களுடையது இல்லை. அதனால்தான் திரும்ப வாசித்தாலே எல்லாம் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கிளியும் திரும்பத் திரும்பத்தான் சொல்கிறது.

பசுவுக்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் எனக்கு மிகப் பிடிக்கும். நிறையப் புல்லைக் கண்டால் பசு முதலில் வயிறு நிறைய மேய்ந்துவிடும். அப்புறம் ஓரிடத்தில் படுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். ஆக, முதல் வாசிப்பில் ஆவேசமாக விழுங்கலாம், தப்பில்லை. ஒரே இரவில் முடிக்கலாம். ஆனால் படுத்து மெல்லாவிட்டால் அது உடம்பில் சேராது. அதே நூல், பாடம் கேட்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறது: இருமுறை கேட்டால் பெரும்பாலும் பிழை இல்லாமல் போகும், மூன்று முறை கேட்டால் முறையறிந்து சொல்ல வரும். நான் ஒரு முறை வாசித்துவிட்டு மேடையேறினேன்.

நான் அதில் எருமை. எருமை குளத்தில் இறங்கித் தானே கலக்கிவிட்டு அந்தச் சேற்றுத் தண்ணீரைக் குடிக்குமாம்.

சிலர் சொல்வார்கள், வாசகன் தன் விருப்பப்படி வாசிக்கலாம், பிரதியில் பாதியை வாசகன்தான் எழுதுகிறான் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. நான் எழுதியது எது, எழுத்தாளர் எழுதியது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகு அதைச் சொல்லட்டும். ஒரே ஒரு தரம் வாசித்தவருக்கு அந்தப் பிரிப்பு வராது. எனக்கு இருபத்துநாலு வருடமாக வரவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் வருடா வருடம் கந்தபுராணம் படிப்பார்கள். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார், அதாவது பொருள் விளக்குவார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள், நாட்கணக்காகப் போகும். அம்மம்மாவுக்குக் கதை முழுக்கத் தெரியும், சூரனுக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். அப்படியிருந்தும் ஒவ்வொரு வருடமும் போய் இருந்து, பயன் சொல்பவர் போன வருடம் சொன்னதை இந்த வருடம் விட்டுவிட்டார் என்று வீட்டுக்கு வந்து குறை சொல்வா. அவ பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அவவைவிட நல்ல வாசகரை நான் இதுவரை காணவில்லை.

எல்லாப் புத்தகமும் இரண்டாம் முறைக்குத் தாங்காது, அதையும் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் என்னை அழவைத்த ஒன்றை அதே 2022இல் எடுத்தேன். நாற்பதாம் பக்கத்தில் கொட்டாவி. மருதானைக்கே திரும்பப் போய்விட்டது.

சரி, கிணற்றுக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சில நாள் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் இருக்கும் அக்காவோடு வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“அக்கா, அம்மா எப்பவாவது எங்கட கிணத்துக்கை கடிதம் கிடிதம் போட்டவவோ?”

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

“கடிதம் இல்லை. மாமான்ர போட்டோ. ஆமி செக்கிங் வருது எண்டு சொல்லிச்சினம். கல்லோடை சுத்திப் போட்டவ. நீ துலாவடியிலை நிண்டனி, உனக்கு ஒன்பது வயசு.”

எனக்கு அதில் ஒன்றுமே நினைவில்லை. இப்போதும் இல்லை. துலா மட்டும் தெரிகிறது.

அந்த நாவலை அதற்குப் பிறகு இரண்டு தரம் வாசித்துவிட்டேன். ஓரத்தில் இப்போது மூன்று குறிப்புகள்: என் பழைய பென்சில் ‘துறவு!’, அதற்குக் கீழே 2022 திகதியோடு நீலப் பேனையில் ‘கிணறு இல்லை’, அதற்கும் கீழே, என்னைக் கேட்காமல், மகளின் குண்டு எழுத்தில் ‘சொன்னேனே’. தேத்தண்ணிக் கடை நண்பர் இதை வாசித்துவிட்டு நாளைக்கே புத்தகத்தை இரவல் கேட்பார், அது தெரியும். தரமாட்டேன்.