சேலையில் இருப்பது எந்த ஊர் மாங்காய்?

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் நாற்பத்தொரு படங்களை அனுப்பினார். அத்தனையும் இணையத்தில் பொறுக்கியவை. அடியில் ஒரே வரி: “மாங்காய் டிசைன் வேண்டும், இவற்றைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றிச் செய்து கொடுங்கள்.” அதைப் படித்தபோது நான் சந்தூரில், சித்தப்பாவின் தோப்பில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கை நீட்டினால் எட்டும் உயரத்தில் கிளிமூக்கு மாங்காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நானும் கால் மணி நேரம் அந்தப் படங்களைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு காய் பொத்தென்று விழுந்த பிறகுதான் தலை நிமிர்ந்தது.

அச்சுத் துணிக்கு டிசைன் வரைந்து பிழைக்கிறவள் நான். கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தே வேலை. “உங்களுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது?” என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இத்தனை நாளும் ஏதேதோ பெரிய பதில்கள் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. மாங்காய் ஊரில் பிறந்துவிட்டு, மாங்காயைப் படம் பார்த்து வரைகிறவளுக்குக் கற்பனையைப் பற்றிப் பேச என்ன வாய் இருக்கிறது?

இத்தனைக்கும் நம் பட்டுச் சேலையில் இருக்கும் மாங்காய், மாங்காயாகப் பிறந்ததே இல்லை என்பார்கள். பாரசீகத்தில் அதற்குப் ‘போத்தே’ என்று பெயர். செடி, புதர் என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டுக் காஷ்மீர்ச் சால்வைகளில் அது பூத்து நிற்கும் மெல்லிய செடி. போகப் போகப் பூக்கள் நெருங்கி, செடி பருத்து, நுனி ஒரு பக்கம் சாய்ந்து, இன்று நாம் காணும் வளைவு வந்தது. ஐரோப்பாவில் அந்தச் சால்வைக்கு மவுசு ஏறியபோது ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தறிகள் அதைப் பார்த்து நெய்து தள்ளின. ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயரே வடிவத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம்மவர்கள் பாரசீகப் பெயரையும் கேட்கவில்லை, ஸ்காட்லாந்துப் பெயரையும் கேட்கவில்லை. பார்த்ததும் ‘அட, மாங்காய்’ என்றுவிட்டார்கள். தினமும் ஏதோ ஒரு தோப்பைத் தாண்டித் தறிக்கு நடந்துபோன யாரோ ஒருவர்தான் முதலில் அப்படிக் கண்டுகொண்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்த ‘அட’தான் டிசைன். மற்றதெல்லாம் கைவேலை.

அன்று மாலை நாற்பத்தொரு படங்களையும் மூடிவிட்டு, நாற்பத்தொரு காய்களை வரைவது என்று உட்கார்ந்தேன். பதினொன்றோடு வெளிச்சம் போய்விட்டது, மறுநாளும் போனேன். முதல் ஐந்தாறு காய்கள் சேலை மாங்காய்களாகவே வந்தன. கை பழகியதைத்தான் போடும், கண் சொல்வதைக் கேட்காது. ஏழாவதிலோ எட்டாவதிலோதான் கிளிமூக்கின் மூக்கு பிடிபட்டது. சேலைப் புட்டாவில் நுனி சுருண்டு உள்ளே திரும்பும். காயில் அப்படி இல்லை. முதுகு நீளமாக இறங்கி, வயிறு புடைத்து, அடியில் சட்டென்று ஒரு கிள்ளு. தாவாங்கட்டையை யாரோ இரண்டு விரலால் பிடித்து இழுத்ததுபோல. தோலிலும் ஒரே பச்சை கிடையாது. வெயில் பட்ட பக்கம் மஞ்சள் ஓடியிருந்தது, நிழற்பக்கம் சாம்பல் பூத்த பச்சை, எல்லாவற்றுக்கும் மேல் ஊசியால் குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள்.

காம்பை ஒட்டி ஒடித்த காய்களில் இன்னொன்றையும் பார்த்தேன். பால் பீய்ச்சி, தோளிலிருந்து வயிறு வரை வழிந்து, காய்ந்து கறுத்திருந்தது. நடுவில் தடித்து, ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, கடைசியில் ஒரு சொட்டாக நின்ற கோடு. மண்டியில் இந்தக் கறை இருந்தால் விலை இறங்கும். அதனால்தான் காம்பு விட்டுப் பறிக்கச் சொல்லிச் சித்தப்பா ஆட்களிடம் கத்திக்கொண்டே இருப்பார். நான் கறைபட்ட காய்களாகப் பொறுக்கி வரிசையாக வைத்து வரைவதைப் பார்த்து, “படித்த பிள்ளை, இருப்பதிலேயே மட்டமாகப் பார்த்து எடுக்கிறாயே அம்மா” என்று நொந்துகொண்டார். எனக்கோ மொத்த டிசைனும் அந்தக் கோட்டில்தான் இருந்தது.

ஒரு காயை அழகாக வரைந்துவிட்டால் டிசைன் ஆகிவிடாது. அது துணி முழுக்க அலுக்காமல் திரும்பத் திரும்ப வர வேண்டும். துணியின் மேல் சுழன்று அச்சடிக்கும் உருளை ஸ்கிரீன் என்றால் பொதுவாக 64 செ.மீ. சுற்றளவு, அதற்குள் கணக்கு முடிந்து மறுபடி தொடங்க வேண்டும். காய்களை நேர்வரிசையில் வைத்தால் குளியலறை ஓடுபோல இருக்கும். அடுத்த வரிசையைப் பாதி இறக்கி வைப்பது பழைய தந்திரம். அதிலும் ஒரு வம்பு உண்டு. தாளில் கண்ணில் படாத சின்னச் சின்ன இடைவெளிகள், ஐந்தரை மீட்டர் சேலையில் ஒன்றோடொன்று கைகோத்துக் குறுக்கே ஒரு வெள்ளைப் பாதை போட்டுவிடும். சேலையைக் கட்டினால் அது சரியாக இடுப்பில் வந்து உட்காரும். மூன்று முறை மாற்றி வைத்தும் என் பாதை போகவில்லை. பால் வழிந்த கோடுகளை ஒரு காயிலிருந்து அடுத்த வரிசைக் காய் வரை நீட்டிவிட்டபோதுதான் அடைபட்டது. கறை கொடியாகிவிட்டது.

வாடிக்கையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இது நேற்று தொடங்கிய வழக்கமும் அல்ல. 1643-லேயே லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சூரத்திலிருந்த தங்கள் ஆட்களுக்கு எழுதியிருக்கிறார்கள்: சிவப்புத் தரை (பின்னணி நிறம்) போட்ட விரிப்புகள் எல்லாருக்கும் பிடிக்கவில்லை, வெள்ளைத் தரையை அதிகமாக்கி நடுவில் பூவும் கொடியுமாகப் போட்டு அனுப்புங்கள் என்று. வாட்ஸ்அப் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஐரோப்பாவிலிருந்து வந்த மாதிரிப் பூக்களை நம் சோழமண்டலக் கரைக் கலைஞர்கள் கண்ணால் கண்டதில்லை. கடுக்காயில் ஊறிய துணியில், தங்களுக்குத் தெரிந்த இலையையும் கொடியையும் அந்தப் பூக்களோடு சேர்த்து ஏற்றினார்கள். அந்தக் கலப்புதான் ஐரோப்பாவை மயக்கியது. மயக்கம் முற்றி, உள்ளூர் நெசவாளர்கள் கூச்சலிட்டு, பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து அதற்குப் பிறகு இரண்டு தடவையும் இந்தியப் பூந்துணிக்குத் தடை போட வேண்டியதாயிற்று. ‘கொஞ்சம் மாற்றி’ என்றால் அப்படி மாற்ற வேண்டும்.

இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ் 1883-ல் போட்ட ‘ஸ்ட்ராபெரி திருடன்’ டிசைனை இன்றைக்கும் பைகளிலும் திரைச்சீலைகளிலும் பார்க்கலாம். தன் தோட்டத்தில் பழம் திருடும் பறவைகளைப் பார்த்து வரைந்தது அது. சந்தூரில் மட்டும் திருடருக்குப் பஞ்சமா? அணில் உண்டு, வௌவால் உண்டு, கிளி உண்டு. கிளிமூக்கு மாங்காயைக் கிளி கொத்தும்போது இரண்டு மூக்கும் எதிரெதிராக வளைந்து நிற்பதை நான் இதுவரை ஒரு சேலையிலும் பார்க்கவில்லை. (யாராவது இதை எடுத்துக்கொள்வதற்குள் நான் போட்டுவிட வேண்டும்.)

பர்கூரைக் குட்டி சூரத் என்பார்கள். அங்கே கடை கடையாக ஏறி அச்சுச் சேலைகளை விரித்துப் பார்ப்பது எனக்குப் படிப்பு, கடைக்காரர்களுக்கு எரிச்சல். கணினி அச்சு வந்த பிறகு எத்தனை நிறம் வேண்டுமானாலும் போடலாம் என்றாகிவிட்டது. ஆகவே ஒரே முந்தானையில் மயில், ரோஜா, கோபுரம், பௌர்ணமி நிலா எல்லாம் இருக்கின்றன. ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன்; ஆறாவது நிறம் கேட்டால் அச்சடிப்பவர் முறைப்பார். அந்த முறைப்பு எனக்குப் பல முறை நல்லது செய்திருக்கிறது. அதே பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடியில் ஒரு பாறையில் வெள்ளையை மட்டும் வைத்து வரைந்திருக்கிறார்கள். குதிரை, மேலே ஓர் ஆள். நிழல் கிடையாது, உள்ளே விவரம் கிடையாது. ஆனால் குதிரைதான் என்பதில் குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வராது. அதைப் பார்த்துவிட்டு வந்த வாரம் என் டிசைனில் ஒன்பது நிறங்கள் நான்காயின.

அரூர்ப் பக்கம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் ‘போர்கை’ என்ற பெயரில் செய்யும் தையல் பூவேலையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே ஆரம்பித்தால் முடியாது.

உடை ஓவியம் பற்றியும் ஒரு குறை உண்டு. வகுப்பில் எங்களுக்கு ஒன்பது தலை உயரப் பெண்ணை வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். தலையை அளவுகோலாக வைத்துக் கீழே எட்டு மடங்கு உடம்பு. நிஜ மனிதர் ஏழரைத் தலை இருந்தாலே உயரம்தான். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் ஒன்பது தலைப் பெண்ணை ஒருநாளும் கண்டதில்லை. கொசுவத்தை ஒரு பக்கம் தூக்கிச் செருகி, இடுப்பில் கூடையோடு பேரம் பேசும் பெண்ணைத்தான் கண்டிருக்கிறேன். செருகிய அந்த ஒரு புள்ளியிலிருந்து மடிப்புகள் விசிறியாக விரியும். புளிக்கடை ஓரம் நின்று அதைப் பத்து நொடியில் கோட்டுக்குள் பிடிப்பது, வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததைவிடக் கடினம்.

யோசித்தால் என் முதல் பாடம் வகுப்பில் நடக்கவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைப் படங்களில் நடந்தது. மாருதி வரைந்த பெண்களுக்குத் தலைப்பு தோளில் நிற்கும் விதமே தனி. ஜெயராஜ் வரைந்த பெண்கள் எங்கள் தெருவில் யாரும் போடத் துணியாததையெல்லாம் போட்டிருந்தார்கள். அம்மா ஒரு பக்கத்தைக் கிழித்து மடித்துப் பர்ஸில் வைத்து, தையல்காரரிடம் காட்டி, அதே கை வைத்து ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டார். அதை உடை ஓவியம் என்று யாரும் சொன்னதில்லை. அதைப் பார்த்துத் துணி வெட்டப்பட்டது, வேறென்ன வேண்டும்?

மாங்காய் டிசைனின் மாதிரித் துணி போன வியாழக்கிழமை வந்தது. நிறம் நன்றாக விழுந்திருந்தது. மூக்கு சரியாக இருந்தது. ஆனால் குறுக்கே அந்த வெள்ளைப் பாதை மறுபடி முளைத்திருந்தது. அச்சடித்த இடத்தில் யாரோ ஒரு பொறுப்பான பிள்ளை, பால் வழிந்த கோடுகளையெல்லாம் தாளில் பட்ட அழுக்கு என்று நினைத்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறது. மொத்தம் இருபத்தாறு கோடுகள். திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை ஓரத்தில் சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறேன்: “கறையைத் துடைக்க வேண்டாம்.”