செல்யாபின்ஸ்க்: காயப்படுத்தியது கல் அல்ல, கண்ணாடி

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த விண்கல்லின் துண்டுகள் மேலே விழுந்துதான் சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள் என்று இங்கே ஒரு பதிவு சுற்றுகிறது. எண்ணிக்கை சரிதான், காரணம் மட்டும் வேறு. பெரும்பாலானோரைக் கிழித்தது உடைந்து தெறித்த ஜன்னல் கண்ணாடி. வெளிச்சம் என்னவென்று பார்க்க ஜன்னலோரம் போய் நின்றவர்கள் மீது, தாமதமாக வந்த அதிர்வலை கண்ணாடியை வாரி இறைத்தது. மிகப் பெரிய துண்டு, நகரத்துக்கு மேற்கே பல கிலோமீட்டர் தள்ளி, உறைந்து கிடந்த செபார்குல் ஏரியில் விழுந்தது.

நீங்களே சரிபார்க்கலாம். நகருக்குள் எடுத்த, வெட்டாத வீடியோ ஒன்றை எடுங்கள். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நொடியையும் கண்ணாடி நொறுங்கும் நொடியையும் குறியுங்கள். இடைவெளி இரண்டு நிமிடத்துக்கு மேல் வரும். 140 வினாடி என்றால், ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 300 மீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் 42 கி.மீ. (மேலே குளிர்ந்த காற்றில் ஒலி சற்று மெதுவாகத்தான் போகும்.) அவ்வளவு தூரத்தில் வெடித்ததன் அலைதான் ஜன்னலை உடைத்தது.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. டாஷ்கேம் (காருக்குள் முன்பக்கம் பொருத்தும் கேமரா) கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால் இரு நேரங்களையும் ஒரே கேமராவிலிருந்து எடுங்கள். அதிகம் பகிரப்படும் தொகுப்பு வீடியோக்களில் அந்த இரண்டு நிமிட மௌனத்தை வெட்டிவிட்டு, ஒளியையும் சத்தத்தையும் ஒட்டி வைத்திருப்பார்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.