கால் பின்னிய வீரர் சிலைகள் பற்றி ஒரு திருத்தம்

இங்கிலாந்தின் பழைய தேவாலயக் கல்லறைகளில் கால்மேல் கால் பின்னிப் படுத்திருக்கும் வீரர் சிலை என்றால், அவர் சிலுவைப்போருக்கு, அதாவது எருசலேம் உள்ள புனித நாட்டுக்காக ஐரோப்பியக் கிறித்தவர்கள் நடத்திய போருக்கு, போனவர் என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். கணுக்காலில் பின்னினால் ஒரு போர், முழங்காலில் பின்னினால் இரண்டு போர் என்ற கணக்கும் கூடவே வருகிறது. கேட்க அழகாக இருந்தாலும் இது சரியல்ல. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சிற்பிகளிடையே பரவியிருந்த ஒரு பாணி அது, அவ்வளவுதான்.

சரிபார்ப்பது எளிது. சிலையின் காலத்தை முதலில் பாருங்கள். புனித நாட்டில் சிலுவைப் படையினரின் கடைசிப் பெருங்கோட்டையான அக்ரா (Acre, இன்றைய இஸ்ரேலில் உள்ள நகரம்) 1291-இல் விழுந்தது. கால் பின்னிய சிலைகளோ அதற்குப் பிறகும் 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செதுக்கப்பட்டன. சஃபோக் மாவட்டத்தின் ஆக்டன் தேவாலயத்தில் 1331-இல் இறந்த சர் ராபர்ட் டி பியூரஸ் என்ற வீரரின் உருவம் பொறித்த பித்தளைக் கல்லறைத் தகடு இருக்கிறது. கூப்பிய கைகள், வளையம் வளையமாகப் பொறித்த சங்கிலிக் கவசம், பூவேலை செய்த முழங்கால் காப்பு. பார்க்கப் பார்க்கத் திகட்டாத வேலைப்பாடு. கால்கள் பின்னித்தான் இருக்கின்றன.

அடுத்து பிரான்சின் சான் தெனி தேவாலயத்தில் உள்ள அஞ்சூ சார்லஸின் கல்லறைச் சிலையின் படத்தைத் தேடிப் பாருங்கள். அண்ணனான பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியுடன் 1248-இல் சிலுவைப்போருக்குப் புறப்பட்டவர் அவர். ஒரு கையில் வாள், மறு கையில் இதயம். கால்கள் நேராகவே நீண்டிருக்கின்றன.

கால் பின்னிய வீரர்களில் சிலர் உண்மையிலேயே போருக்குப் போயிருக்கலாம். அதை அறிய அந்தக் காலத்து ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும், கால்களை அல்ல.