காற்றுக்கு ஒரு மதிப்பெண், மழைக்கு ஒரு மதிப்பெண்: சேர்ந்து வந்தால் யார் கணக்கு?

புயல் நேரத்தில் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள்: காற்று எவ்வளவு வேகம், மழை எத்தனை சென்டிமீட்டர். வானிலையைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்லும் மாடல்களும் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் தருகின்றன, நாமும் தனித்தனியாகவே சரிபார்க்கிறோம். ஆனால் மரம் வேரோடு சாய்வதும், மின்கம்பம் விழுவதும், பால் பிடிக்கும் பருவத்தில் நெல் படுத்துவிடுவதும் இரண்டும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் கூடும்போதுதான் அதிகம். காய்ந்த மண்ணில் நின்று தாங்கும் மரம், ஊறிய மண்ணில் அதே காற்றுக்கு விழுந்துவிடும்.

மாடல் பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; ஒரு கட்டத்தின் அகலம்தான் கிரிட். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாடலுக்குக் கிரிட் 9 கி.மீ., அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடலுக்குச் சுமார் 13 கி.மீ. கிரிட் 9 என்றால் 9 கி.மீ. அகலமுள்ளதெல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் அமைப்பு உருப்படியாகத் தெரிய ஐந்தாறு கட்டமாவது வேண்டும், அதாவது 50 கி.மீ. பக்கம். புயலின் மையத்திலிருந்து 20, 30 கி.மீ. தள்ளி வீசும் உச்சக் காற்று அதில் மழுங்கித்தான் வரும். மழை நிலை இன்னும் மோசம். இடிமேகம் கட்டத்தைவிடச் சின்னது என்பதால் மேகத்தை நேரடியாகக் கணக்கிடாமல் தோராயச் சூத்திரம் போடுகிறார்கள். அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை, மாடலில் மூன்று மணி நேரத் தூறலாகப் பரவிவிடுகிறது.

நம் அறிக்கைகளில் ‘இடையிடையே 90 கி.மீ.’ என்று வருகிறதே, அந்தத் திடீர் வீச்சுக்கும் தனிச் சூத்திரம்தான். நிஜத்தில் கனமழை விழும்போது குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்துவந்து தரையில் அறைகிறது. மழையே காற்றை உண்டாக்குகிறது. மாடலில் மழைச் சூத்திரமும் வீச்சுச் சூத்திரமும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. காற்றும் மழையும் சேரும் கூட்டு நிகழ்வை மாடல் தவறவிடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. 3, 4 கி.மீ.க்குக் கீழே கிரிட் போனால் மேகத்தை நேரடியாகவே கணக்கிடலாம், தொடர்பும் ஓரளவு கிடைக்கும். புயலின் மையம் 40 கி.மீ. தள்ளிப்போகும் பிழைக்கு மட்டும் அது மருந்தல்ல.

2024 ஃபெஞ்சல் புயலைப் பாருங்கள். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, பல மணி நேரம் அங்கேயே கிடந்தது. மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை, காற்று 70-80, இடையிடையே 90 கி.மீ.தான். மறுநாள் வலுவிழந்த பிறகு உள்ளே தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையிலும் ஏறத்தாழ அதே மழை, அங்கே காற்று ஒரு பொருட்டே இல்லை. ஒரே புயலுக்குள் கூட்டு அபாய நேரமும் வெறும் மழை நேரமும் இருந்தன. எது எப்போது என்பதைத் தீர்மானிப்பது புயல் நகரும் வேகம். 100 கி.மீ. அகல மழைப்பட்டை மணிக்கு 10 கி.மீ. நகர்ந்தால் ஓர் ஊரைக் கடக்க 10 மணி நேரம், 5 கி.மீ. என்றால் 20 மணி நேரம். மழை இரட்டிப்பாகும், உச்சக் காற்று அப்படியே இருக்கும். நகரும் வேகத்தில் 5 கி.மீ. பிழை காற்றுக் கணிப்பில் தெரியவே தெரியாது, மழைக் கணிப்பைக் கவிழ்த்துவிடும்.

சரிபார்க்கிறவர்கள் வழுக்கும் இடம் ஒன்று. நம் மழைமானிக் கணக்கு காலை 8.30க்கு முடிகிறது. மாடல் தரவில் ‘ஒரு நாள்’ என்பது பெரும்பாலும் சர்வதேச நேரப்படி, நமக்குக் காலை 5.30. இந்த மூன்று மணி நேரத்தைச் சரிசெய்யாமல் ஒட்டினால், விடியற்காலையில் வந்த காற்றும் மழையும் வேறு வேறு நாளில் போய் விழும். மணி நேரத் தரவையே எடுங்கள். காற்றிலும் மழையிலும் மிக அதிகமாகப் பதிவான 1 சதவீத மணி நேரங்களைத் தனித்தனியே குறித்து, இரண்டும் ஒன்றாக வந்தவற்றை எண்ணுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையென்றால் பத்தாண்டில் 9 மணி நேரம்தான் சேரும். அளவீட்டில் எவ்வளவு கூடுதலாக வருகிறது, மாடலில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். அளவீட்டையும் கண்மூடி நம்ப வேண்டாம். பலத்த காற்றில் மழை சாய்வாக அடித்து மானிக்குள் குறைவாகவே விழும்.

ஒரே மாடலைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டும் என்செம்பிளைப் படிக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. 51 ஓட்டங்களில் 15 காற்று வரம்பைத் தாண்டுகின்றன, 20 மழை வரம்பைத் தாண்டுகின்றன என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் 12 சதவீதம். ஆனால் ஓட்டம் ஓட்டமாகப் பார்த்து, இரண்டையும் தாண்டியவை 13 என்றால் 25 சதவீதம். அபாயம் இரண்டு மடங்கு, வெறும் எண்ணும் முறையால்! சராசரி வரைபடத்தைப் பார்த்தால் இரண்டுமே மங்கிப்போகும். காற்றையும் மழையையும் தனித்தனியே பிழைதிருத்தி, ஓட்டங்களின் வரிசையைக் கலைத்துவிட்டாலும் இதே கதிதான். திருத்திய பிறகு, எந்த ஓட்டம் எத்தனையாவது பெரியதாக இருந்ததோ அந்தப் பழைய வரிசைக்கே திரும்ப அடுக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு மாடல்கள் புயலின் பாதையை நன்றாகவே சொல்கின்றன. ஆனால் சராசரிப் பிழையைக் குறைக்கப் பயிற்றப்பட்டவை உச்சத்தை வழித்துவிடுகின்றன; 28 கி.மீ. கட்டத்தில் காற்றும் மழையும் மோதும் அந்த விளிம்பு தெரியாது.

மாவட்டத்துக்கு ஒரு நிறம் போடுவதோடு நிறுத்தக் கூடாது. 60 கி.மீ. வீச்சும் மூன்று மணி நேரத்தில் 50 மி.மீ. மழையும் சேர்ந்து வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று, மூன்று மணிக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். அதற்கு வேண்டிய ஓட்டங்கள் தினமும் கணினியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எந்த ஃபீடரை, அதாவது எந்த மின் வழித்தடத்தை, எத்தனை மணிக்கு நிறுத்துவது, மரம் அறுக்கும் ஆட்களை எந்த ஊரில் முன்கூட்டியே நிறுத்துவது என்பதை முடிவுசெய்ய மின்வாரியத்துக்கு அந்த ஓர் எண் போதும்.